படித்துறையில் விட்ட படம்

காசிக்குப் போய்வந்தவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். என் பிழைப்பே காசிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதுதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இறங்கி யாத்திரை பிச்சைமுத்து வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து விடுவார்.

கங்கைக் கரையில் கால் வைத்ததும் ஒருவர் கையாவது கும்பிடப் போகுமா என்று பார்ப்பேன். போகாது, போனைத்தான் தேடும். பிணம் எரிகிற இடத்துக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த கையோடு அதைக் குரூப்பில் போடுவார்கள். ஊரில் இருக்கிறவர்கள் அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மையாக அனுப்பித் தள்ளுவார்கள். எரிகிறவன் யாரோ எவனோ, அவனுக்கும் சேர்த்து குட்மார்னிங். கருமம், கருமம்.

நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி இல்லை. மயிலம்மாளைப் பற்றி.

லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள் மயிலம்மாள். ஜாக்கெட், பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாள். அவள் புருஷன் சரவணன் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் காலையில், "சமயபுரம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிற ஆண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்த ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அவதான் என்னமோ பண்ணிட்டா" என்றது.

சரவணனின் தம்பி அம்மாசி ஒரு படி மேலே போனான். வயலில் இருக்கிற கிணற்றை மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தான். அண்ணன் உள்ளே கிடப்பான் என்று. ஊரே சுற்றி நின்று எட்டிப் பார்க்க, மயிலம்மாளையும் கரையில் நிறுத்தி வைத்தார்களாம். தண்ணீர் வற்றியதும் அடியில் ஒரு பழைய வாளியும் சேறும்தான் இருந்தன. "இல்ல" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்களே தவிர, ஒருத்தர்கூட அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. அதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளரைத் தூக்கி எறிந்தேன். அவள் சிரித்தாள். "விடுங்கண்ணே, டம்ளர் என்ன பண்ணும்" என்றாள்.

அதற்கப்புறமும் அவள் அதே வீட்டில்தான் இருந்தாள். முன்னறையில் மிஷின், உள்ளறையில் மாமியார். மாமியாருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டாள். அந்த அம்மா தட்டை வாங்கும்போதெல்லாம், "எம்புள்ளைய எங்கடி?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காரும். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

என் யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு ரயிலில் திருட்டு பயம் உண்டு. அதனால் ஆண்கள் உள்ளே போடுகிற டவுசரில் ரகசியப் பை ஒன்று வைத்துத் தரச் சொல்லி மயிலம்மாளிடம்தான் கொடுப்பேன். இடுப்புக்கு உள்பக்கம், ஜாக்கெட் லைனிங் துணியில், வாயை மடக்கிப் பட்டன் போட்டுத் தைப்பாள். போன வருஷம் ஐப்பசியில் எங்கள் சமையல்காரருக்கு ஒத்தாசைக்கு வருகிற அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. "நீ வரியா?" என்று மயிலம்மாளைக் கேட்டேன். மாமியாரை ஒன்றுவிட்ட நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

அந்தக் கூட்டத்தில்தான் ரெங்கராஜ் வந்தார். ஜீயபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். படம் எடுப்பது, எடுத்ததைப் பத்திரப்படுத்துவது, இது இரண்டும் அவருக்குப் பைத்தியம். ரயில் கிளம்பி விழுப்புரம் தாண்டுவதற்குள் கோச்சில் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்துவிட்டார்.

"படம் ஒரே எடத்துல இருந்தா அது இல்லாத மாதிரிதாங்க. போன்ல ஒண்ணு, மெமரி கார்டுல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு. மூணு எடம். ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும்."

"கிளவுட்டுன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது மேல இருக்கும்ங்க. நாம பாக்க முடியாது. தானா ஏறிக்கும்."

பெருமாளைப் பற்றிச் சொல்கிற மாதிரி கையை மேலே தூக்கிச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காசியில் கேதார் கட்டத்துப் படியில், ஓலைக்குடைக்குக் கீழே, காவி கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். நல்ல வாட்டசாட்டம். தொப்பை மடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய போன், அதற்கு ஒரு பவர் பேங்க். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டதும், "வாங்க வாங்க, தமிழ்நாடா? விபூதி வாங்கிக்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டினார்கள். ரெங்கராஜ் ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மயிலம்மாளின் முறை வந்தது. அவள் கையில் இருந்த பால் தூக்கு நழுவி விழுந்து, படிப்படியாக உருண்டு தண்ணீர் வரைக்கும் போனது.

"எந்த ஊரும்மா?" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"லால்குடி" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். இடது புருவத்தில் அரிவாள் பட்ட வெட்டு ஒன்று இருந்தது, அந்த இடத்தில் முடி இல்லை. அவன் கை விபூதித் தட்டிலேயே நின்றுவிட்டது. தெரிந்துவிட்டது அவனுக்கு. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் திருட்டுப் பயல் அசரவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டு, "நல்லா இருங்க தாயி" என்றான்.

தாயியாம்! தாலி கட்டின பெண்டாட்டியைப் பார்த்து!

அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியாது. மயிலம்மாள் மேலே ஏறிப் போய் ஒரு சுவரோரம் உட்கார்ந்தாள். கையிலிருந்த விபூதியை என்ன செய்தாள் என்று நான் கவனிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, அது எங்க வீட்டுக்காரரு."

செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். குடை மடிந்து கிடந்தது. ஆளைக் காணோம், தட்டைக் காணோம், பவர் பேங்கையும் காணோம். மறுநாளும் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரன், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கையை விரித்தான்.

மயிலம்மாள் ரெங்கராஜிடம் போனாள். "அண்ணே, அவரு எங்கையில விபூதி போட்டப்ப படம் எடுத்தீங்களா?"

எடுத்திருந்தார். புருவத்து வெட்டு தெரிய, அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிற நேரத்தில் விழுந்திருந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்க போனுக்கு அனுப்பட்டுமா?"

"எங்கிட்ட பட்டன் போனுதாண்ணே. வேற யாருக்கும் அனுப்பிடாதீங்க. இத நானே எடுத்துட்டுப் போயி எங்க மாமியா மூஞ்சிக்கு நேரா காட்டணும். அம்மாசிக்குக் காட்டணும். கெணத்த எட்டிப் பாத்த அத்தன பேருக்கும் காட்டணும். அதுக்கப்புறம் எங்கிட்ட எவளும் கேக்கக் கூடாது."

"கவலைய விடும்மா. மூணு எடத்துல வச்சிடறேன்" என்றார் ரெங்கராஜ்.

கயாவுக்கு வந்ததும் அவர் போன் நிறைந்துவிட்டது. எதனால்? ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் விடாமல் அனுப்பின குட்மார்னிங் ரோஜாப்பூ, விளக்கு, முருகன், அப்புறம் யாரோ ஒருவர் பேரனின் பிறந்தநாள் வீடியோ. அதையெல்லாம் அழித்தால் கோபித்துக்கொள்வார்களாம். ஆகவே தான் எடுத்த படங்கள் முழுவதையும் மெமரி கார்டில் ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததைத் துடைத்தார். "மேலயும் ஏறியிருக்கும்" என்றார். அந்தக் கார்டை மயிலம்மாளே ஒரு மாத்திரைக் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, அவர் டவுசரின் ரகசியப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

திருச்சி ஜங்ஷனில் காலையில் இறங்கினோம். வேனில் நேரே அம்மா மண்டபம். காசிக்குப் போய்விட்டு வந்தால் காவேரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, உடுத்தியிருக்கும் யாத்திரைத் துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இவர்களுக்கு ஒரு பழக்கம். துணியோடு பாவமும் போய்விடுகிறதாம். விட்டதைத் தொடக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன், "ஆத்துல போடாதீங்கய்யா, குடிக்கிற தண்ணி" என்று. கேட்பார்களா? வேட்டி, சட்டை, உள்ளே போட்டது முதற்கொண்டு அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டுப் புண்ணியவான்களாக ஏறி வருவார்கள்.

குளித்து முடித்து டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். மயிலம்மாள் இலையில் கை வைக்கவில்லை. நேரே ரெங்கராஜிடம் வந்தாள்.

"அண்ணே, ஊருக்குப் போறதுக்கு முன்ன அந்தப் படத்த ஒருவாட்டி காட்டுங்க."

"அதுக்கென்னம்மா" என்று சொல்லி இடுப்பைத் தடவினார். தடவின கை அப்படியே நின்றது. வாயில் இட்லி இருந்தது, மெல்லவில்லை. புது வேட்டி, புது டவுசர்.

"பையில வச்சது?" என்றேன்.

"தண்ணியில விட்டுட்டேன்" என்றார்.

"கிளவுட்?"

போனைத் திறந்து பார்த்தார். ஒரு படமும் மேலே ஏறவில்லை. வைஃபை கிடைத்தால்தான் ஏற்றுவேன் என்று அது முதல் நாளிலிருந்தே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் சத்திரங்களில் வைஃபை இருந்ததா என்று ஒரு நாளாவது பார்த்தாரா? பார்க்கவில்லை. மூணு இடம், மூணு இடம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அது.

"எந்திரிய்யா, போய்த் தேடுவோம்" என்றேன்.

"அது... விட்டத எடுக்கக் கூடாதுங்க. திரும்பித் தொட்டா எல்லாம் நம்ம மேலயே ஏறிக்கும்."

"யோவ்! அந்தப் பொம்பள வாழ்க்கைய்யா அது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எச்சில் கையோடு எழுந்து திரும்பினேன். மயிலம்மாள் அங்கே இல்லை. எனக்கு முன்னாலேயே படித்துறைக்குப் போய்விட்டிருந்தாள்.

அம்மா மண்டபத்தில் அந்தக் காலையில் கண்டதைச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. இருந்தாலும் சொல்வேன். தண்ணீரில் மிதக்கிற துணியை நீளமான கொக்கிக் கழியால் இழுத்து இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார் அற்புதம்மாள் என்கிற துப்புரவுப் பணியாளர். இடுப்பளவு குவியல். மேலே இருப்பது இன்றைக்கு விட்டது, கீழே இருப்பது நேற்றைக்கு விட்டது. நடுவில் பிண்டச் சோறு, எள்ளு, மொட்டை அடித்த முடி, நாறிப்போன பூ, எண்ணெய்ப் பிசுக்கு. மயிலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் அற்புதம்மாள். "திரும்பிப் பாக்காம போங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டுத்தான எல்லாரும் போறீங்க? நீங்கதான் மொத ஆளா திரும்பி வந்திருக்கீங்க."

விஷயத்தைச் சொன்னேன். கழியைக் கீழே வைத்துவிட்டு அவரும் வந்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போட்டோம். எங்கள் கூட்டத்து ஆண்கள் டவுசர் எல்லாவற்றிலும் அவள் வைத்த பைதான், அதனால் ஒவ்வொன்றாகப் பட்டனை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றில் மூக்குப்பொடி டப்பி. ஒன்றில் பீடிக்கட்டு. இன்னொன்றில் புகையிலைப் பொட்டலம். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். கயாவில் எல்லோருக்கும் முன்னால் நின்று, இனிமேல் புகையிலையைத் தொட மாட்டேன் என்று அதை விட்ட ஆள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வேறு விட்டான், நாசமாய்ப் போனவன்.

மதியம் குப்பை அள்ள டிராக்டர் வந்து நின்றது. ஓட்டுநரை அற்புதம்மாள் பேசி நிறுத்தி வைத்தார். எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்தது. மயிலம்மாளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"கெடச்சிருச்சு" என்றாள் திடீரென்று.

நீலக் கோடு போட்ட டவுசர், யாருடைய சேலையிலோ முறுக்கிக்கொண்டு கிடந்தது. பட்டன் அப்படியே இருந்தது. உள்ளே மாத்திரைக் கவர், உள்ளே கார்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்போதுதான் அவள் அழுதாள். கை முழுக்க அசிங்கம், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு அழுதாள். அற்புதம்மாள் தன் புடவை முந்தானையால் துடைத்துவிட்டார்.

ரெங்கராஜ் வெட்கப்பட்டுப் போனார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கார்டிலிருந்து போனில் ஏற்றி, வீட்டு வைஃபையில் கிளவுடிலும் ஏற்றினார். ஏறியதைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம். மறுநாள் நான், அவர், மயிலம்மாள் மூன்று பேரும் அவள் கிராமத்துக்குப் போனோம். உங்களுக்குச் சொல்கிறேன், வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இன்றைக்கு அந்த ஊர் வாயை அடைக்கப் போகிறோம் என்று.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அம்மாசி வந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். ரெங்கராஜ் போனில் படத்தைப் பெரிதாக்கி மாமியாரிடம் நீட்டினார். மயிலம்மாள் மிஷின் பக்கம் நின்று, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் போனை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தது. புருவத்து வெட்டைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் வாயெல்லாம் பல்.

"எம்புள்ள! நல்லா சத போட்டிருக்காண்டா அம்மாசி! கண்ணுல எப்படி ஒரு தேஜஸ் பாரு!"

அம்மாசி எட்டிப் பார்த்தான். "அண்ணன் சாமியாராயிட்டாரா! நான் அப்பவே நெனச்சேன், அவரு சாதாரண ஆளு இல்லன்னு."

அப்பவே நினைத்தானாம். கிணற்றை இறைத்தவன்.

வாசலில் இருந்த ஒருத்தி போனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "மயிலு, அவரு கையால குடுத்த துன்னூறு இருக்கா? எம்மவனுக்குக் காய்ச்சலு, கொஞ்சம் குடேன்" என்று கையை நீட்டினாள்.

"அங்கயே கங்கையில கையக் கழுவிட்டேன்" என்றாள் மயிலம்மாள்.

"அடிப்பாவி!" என்றது மாமியார். "சாமி குடுத்தத கழுவினியா? அதாண்டி, அதாண்டி அவன் ஒங்கிட்ட தங்கல. அவ்வளவு கிட்டக்கப் போயிட்டு, வாங்கன்னு ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா எம்புள்ள வந்திருக்க மாட்டானா?"

த்தூ! அந்த வீட்டுக்குள்ளேயே துப்பியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. குப்பை மேட்டில் நாள் முழுக்கக் கை விட்டபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு இல்லை. அது வெறும் துணி, அலசினால் போகும்.

அம்மாசி அதற்குள் தன் போனை எடுத்துவிட்டான். "சார், எனக்கு ஒண்ணு அனுப்புங்க. ஸ்டேட்டஸ் போடணும். ஃபிரேம் போட்டு வீட்டுலயும் மாட்டிடறேன். அண்ணி, வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்த நீங்க இருக்கீங்கல்ல."

ரெங்கராஜ் பழக்க தோஷத்தில் அனுப்பப் போய்விட்டார். மயிலம்மாள் வந்து அந்தப் போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"அண்ணே, இந்தப் படம் இப்ப எத்தன எடத்துல இருக்கு?"

"மூணு எடத்துலயும் இருக்கும்மா. இனிமே போகவே போகாது."

"மூணுலேந்தும் அழிங்க."

"அய்யோ, என்னம்மா இது! அவ்வளவு கஷ்டப்பட்டு..."

"பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்கண்ணே. நானும் பாத்துட்டேன். அழிங்க."

"ஏய், எம்புள்ள படத்த அழிக்க நீ யாருடி?" என்று மாமியார் கட்டிலிலிருந்து கத்தியது. அம்மாசி பாய்ந்தான். நான் குறுக்கே நின்றேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் என்னிடம் கை ஓங்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மயிலம்மாள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "இந்த வீட்டுல எங்கிட்ட இன்னொரு தடவ அவரு எங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா அன்னிக்கே மிஷினத் தூக்கிக்கிட்டு லால்குடிக்குப் போயிடுவேன். சோறு அம்மாசி வீட்டுலேந்து வரட்டும்" என்றாள். சத்தமே போடாமல் சொன்னாள். அம்மாசி ஓரடி பின்னால் போனான். சோறு என்றதும் மாமியாரும் கப்சிப்.

ரெங்கராஜ் அழித்தார். பாவம், அவருக்கு விரலை வெட்டுகிற மாதிரி இருந்திருக்கும். முதலில் போனில். பிறகு கார்டைச் செருகி அதில். கடைசியாகக் கிளவுட். ஒவ்வொன்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"கிளவுட்ல மட்டும் ஒரு விஷயம் இருக்கும்மா" என்றார் மெதுவாக. "அழிச்சது நேரா போயிடாது. குப்பத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு மாசம் போல கெடக்கும். அதுக்குள்ள மனசு மாறுனா சொல்லு, எடுத்துத் தரேன்."

"கெடக்கட்டும்" என்றாள் மயிலம்மாள். "விட்டத எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

ரெங்கராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் மிஷினில் போய் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, யாத்திரைக்கு முன்னால் பாதியில் விட்டிருந்த ஒரு பச்சை ஜாக்கெட்டைத் தைக்க ஆரம்பித்தாள்.